ஒரே கையிலிருந்து வாங்கிய ஒன்பது டோக்கன்

என் நாத்தனாரை மலையடிவாரத்தில் எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். காவல் கூண்டில் அவளுக்குப் பின்னால் ஒரு நீலப் பலகை, அதில் அறுபது ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் எண் அடித்த ஒரு தகர டோக்கன் தொங்கும். காலையில் மலையேற வருகிறவன் கையில் ஒன்றைக் கொடுப்பாள். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் வாசலைத் தாண்டலாம். ஐந்தரைக்கு ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். உடனே விசில் ஊதி, புல் அறுக்கிற ஆட்களை டார்ச்சோடு மேலே விரட்டுவாள். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. அந்தப் பலகை ஒரே ஒரு நாள்தான் தப்பாக நிறைந்தது. நிறைத்தது அவள் இல்லை, நான். வேலையும் பெயரும் போனது அவளுக்கு.

மலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாசலிலிருந்து அரை மணி நடந்தால் சின்ன அருவி. அதற்கு மேலே இரட்டை அருவி, அப்புறம் பெரிய அருவி. காடு முடிந்ததும் புல் மேடு. அங்கே இரண்டு இடத்தில் கல் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் கீழே ஏரியும் வீட்டுக் கூரைகளும் தெரியும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறுகிறார்கள். மூச்சு வாங்காது.

ஆணிக்கு அந்தப் புல் மேட்டைத்தான் பிடிக்காது. "செங்குத்துப் பாறைன்னா பாத்து நடப்பாங்க அண்ணி. இது புல்லு. புல்லுல எவன் பயப்படுறான்? மேகம் எறங்கிடுச்சுன்னா எந்தப் பக்கம் போனாலும் வழி மாதிரியே இருக்கும்" என்பாள்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டினவன் நாலாவது வருஷமே வேறு ஒருத்தியோடு போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பாதையில் கல் பதிக்கிற வேலையில் இருந்தார், அவர் சொல்லித்தான் கூண்டு வேலை கிடைத்தது. அவர் நெஞ்சுவலியில் போனதும் நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே டீக்கடை போட்டேன். என் அடுப்புக்கும் அவள் நாற்காலிக்கும் இடையில் நாலு எட்டுதான் இருக்கும். நாள் முழுக்க நான் அவளைத் திட்டுவேன், அவள் என் டீயைத் திட்டுவாள்.

டோக்கன் வாங்குவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. அவரவர் டோக்கனை அவரவர் கையால்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவன் முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் ஆணியில் மாட்டுவாள். புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கமாட்டாள். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரியின் மச்சான் வந்தான். டோக்கனை நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துப்போகப் பார்த்தான்.

"தொலைஞ்சு போச்சும்மா. நான்தான் முழுசா எறங்கி வந்துட்டேன்ல? என்னைப் பாரு."

"உங்களப் பாத்துட்டேன் சார். டோக்கனையும் பாத்துட்டா நீங்க கெளம்பலாம்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"முப்பத்தி நாலு" என்றாள் ஆணி.

முக்கால் மணி நேரம் கார் உறுமிக்கொண்டே நின்றது. கடைசியில் அவன் பெண்டாட்டியின் கைப்பைக்குள்ளிருந்து முப்பத்திநாலு வெளியே வந்தது. நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

இவ்வளவு கறாரானவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஐம்பது தாண்டியதும் மூத்திரத்தை அடக்க முடியாமல் போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் உள்ள உடம்புதான். கூண்டில் கக்கூஸ் கிடையாது. வண்டி நிறுத்துகிற இடத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், போய் வரப் பத்து நிமிஷம். மாற்று ஆள் வேண்டும் என்று மலையை நிர்வகிக்கிற தலைமை ஆபீஸுக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டாள். ஒருத்தனும் பதில் போடவில்லை. அதனால் என்னிடம்தான் சொல்லிவிட்டு ஓடுவாள். "அண்ணி, ஒரு நிமிஷம் பாத்துக்குங்க. பலகையத் தொடாதீங்க. யாராச்சும் வந்தா உக்கார வைங்க." நானும் உட்கார வைப்பேன். கூண்டில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம்.

அன்றைக்கு ஓர் ஆபீஸிலிருந்து ஒன்பது பேர் இரண்டு வேனில் வந்தார்கள். ஒருவர் மேனேஜர். ஒருவர் ஸ்டோர் கீப்பர், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனுஷன். அவரை மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீ குடித்த தம்ளரை அவரே கழுவி வைத்தார். புது ஷூ போட்டிருந்தார், நடக்கும்போது கீச் கீச்சென்றது.

"என்னய்யா, உங்க ஷூவுல எலி பூந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"வீட்டுல வாங்கிக் குடுத்தாங்கம்மா. இன்னிக்குத்தான் மொத நாள்" என்று சிரித்தார்.

மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கியது. நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆணி புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் போன நேரம் பார்த்துத்தான் ஆபீஸ்காரர்கள் இறங்கி வந்தார்கள். மழைக்கோட்டும் தலைமூடியுமாக நேராக வேனுக்கு ஓடினார்கள். மேனேஜர் மட்டும் கூண்டுக்கு வந்தார். யாரும் தொலைத்துவிடக் கூடாது என்று காலையிலேயே எல்லா டோக்கனையும் அவரே வாங்கிப் பையில் வைத்திருந்தாராம். நல்ல மனசோடு செய்ததுதான். ஒன்பதையும் ஒரே பிடியாக நீட்டினார்.

"இந்தாங்கம்மா. சீக்கிரம், எல்லாரும் நனையுறாங்க."

நான் அவரை உட்கார வைத்திருக்க வேண்டும். கடைக்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, அடுப்பில் தண்ணீர் சொட்டியது, இரண்டு வேனும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வருஷக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்த வேலை, ஆணியில் தகரத்தை மாட்டுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். வாங்கினேன். எண்ணினேன். ஒன்பது சரியாக இருந்தது. மாட்டிவிட்டு, வேன் போக வாசல் சங்கிலியை இறக்கினேன். வேன் பக்கம் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆணி சொட்டச் சொட்ட வந்து பலகையைப் பார்த்தாள். "எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க. உன் நாட்டாமைய நான் பாத்துட்டேன். போயித் தலையத் தொவட்டு."

அவள் முகம் சுளித்தாள். பலகையைத் தொட்டதற்கு இரண்டு நாள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது.

கூண்டு போன் அவள் குவார்ட்டர்ஸிலும் அடிக்கும். நான் மழைக்கு அங்கேதான் ஒதுங்கியிருந்தேன். பேசியது ஒரு பொம்பிளை, ஸ்டோர் கீப்பரின் மனைவி. மனுஷன் வீடு வரவில்லை. முதல் வேன்காரர்கள் அவர் அடுத்த வேனில் வந்தார் என்கிறார்கள், அடுத்த வேன்காரர்கள் முதல் வேனில் வந்தார் என்கிறார்கள். மேலே யாராவது இருக்கிறார்களா?

"எங்க பலகை நெறஞ்சிருக்கும்மா. மலையில யாரும் இல்ல" என்றாள் ஆணி. அப்புறம் போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, அந்த ஆபீஸ் கும்பல். ஒன்பது பேரையும் பாத்தீங்கல்ல?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பார்த்தது ஒரே ஒரு முகம் என்பதும் தெரிந்தது. ஷூ கீச்சென்ற சத்தம் திரும்பி வரவே இல்லை என்பதும் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் அவள் அந்த மழையிலேயே ஆட்களைக் கிளப்புவாள். வழியில் எங்காவது இறங்கிக் குடிக்கப் போயிருப்பான், அதற்குப் போய் ஊரையே எழுப்புவானேன் என்று மனசு உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தது.

"பாத்தேன்" என்றேன்.

"ஒன்பது பேரும் எறங்கிட்டாங்கம்மா. கவலப்படாம இருங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புல் அறுக்கப் போனவர்கள் அவரைக் கண்டார்கள். புல் மேட்டில் இரண்டாவது பெஞ்சில் ஷூவைக் கழற்ற உட்கார்ந்திருக்கிறார். குதிகாலில் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மேகம் மூடி, வழி தெரியாமல், மேட்டின் தப்பான பக்கத்தில் இறங்கியிருக்கிறார். பெரிய அருவிக்கு மேலே ஓடைப் பாறையில் வழுக்கிக் கால் முறிந்துவிட்டது. இரவு முழுக்க மழை. அறுத்துப் பார்த்த டாக்டர் விடியும் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று சொன்னார். கால் முறிவால் இல்லை, குளிரால்தான் செத்தாராம்.

விசாரணைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என் கடைப் பெஞ்சில்தான் உட்கார்ந்து எழுதினார். மேனேஜரும் வந்திருந்தார், நாலு நாள் தாடியோடு. "மொத்தமா ஒரு அம்மாகிட்ட குடுத்தேன் சார். மத்தவங்க எனக்குப் பின்னால வேனுக்கு ஓடிட்டு இருந்தாங்க. எல்லாரும் இருக்காங்கன்னுதான் நெனச்சேன்" என்று அழுதார். எந்த அம்மா என்று கேட்டதற்கு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மழையில் எல்லாக் கிழவியும் ஒரே கிழவிதான்.

"நான்தான் வாங்குனேன் சார்" என்றாள் ஆணி.

நான் வாயைத் திறந்தேன். அவள் திரும்பாமலே, "அண்ணி, சாருக்கு டீ ஆறிப்போச்சு. வேற ஊத்திட்டு வாங்க" என்றாள். நான் போய் டீ ஊத்தினேன்.

அதிகாரி போனதும் ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீங்கதான்னு சொன்னா, நீ எங்க போயிருந்தன்னு கேப்பாரு. மூத்திரம் போனேன்னு எழுதிக்குங்கன்னு சொல்லணுமா? சொன்னாலும் என் வேலை போகத்தான் போகுது. கூட உங்க கடையும் போகும். ரெண்டு பேரும் என்னத்தத் திங்கறது? நீங்களும் வேணும்னா செஞ்சீங்க? தலைமூடி போட்டுட்டு ஓடுனா எட்டுக்கும் ஒன்பதுக்கும் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும்?"

நான் பார்த்து எண்ணித் தப்புப் பண்ணினேன் என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவே இல்லை என்பதும், ஏழு மணிக்கே எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியாது. அவள் நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பதினைந்து நாளில் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஒரு தகரப் பெட்டியும் பாயுமாக என் ஒற்றை அறைக்கு வந்தாள். கடைக்குப் பின்னால் தம்ளர் கழுவினாள், கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு. ஆள்கொல்லி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், சில பேர் முகத்துக்கு நேராகவே. அவள் கழுவிய தம்ளரில் குடிக்க மாட்டேன் என்றான் ஒரு டிரைவர். நீ குடிக்காவிட்டால் என் தம்ளருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, போடா என்றேன். இப்படி வாய் பேசுவதோடு என் பிராயச்சித்தம் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், முதல் பஸ்ஸில் ஒரு பொம்பிளை வந்து இறங்கினாள். மெலிந்த உடம்பு, ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். தையல்காரி.

"அன்னிக்கு போன்ல பேசுன அம்மா எங்க இருக்காங்க?"

ஆணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தாம்மா."

"என் வீட்டுக்காரர் நடந்த வழியா என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? கடைசி வரைக்கும்."

ஆணி சரி என்றாள். நானும் கடையை மூடிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு முழங்கால் வலி, பத்து வருஷமாக மேலே போனதில்லை. ஆணியே ஒரு மாதிரிப் பார்த்தாள். துணைக்கு வருகிறேன் என்றேன். உண்மையில் என் பொய்க்குக் காவல் காக்கத்தான் போனேன். கூண்டில் இருந்த புது ஆள் மொபைலைப் பார்த்துக்கொண்டே மூன்று டோக்கனை நீட்டினான்.

சின்ன அருவியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. தையல்காரி மொபைலை எடுத்துக் காட்டினாள். ஆபீஸ்காரர்கள் அங்கே நின்று எடுத்த போட்டோ. அவர் ஓரத்தில் நிற்கிறார், பாதித் தோள் படத்துக்கு வெளியே. "எந்தப் போட்டோவுலயும் இப்படித்தான். கல்யாண போட்டோவுலகூட ஒரு காது இல்ல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் அடுத்த படத்தைத் தள்ளினாள். புல் மேட்டில் எடுத்தது. அதில் எட்டுப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

இரட்டை அருவிக்குப் போகிற வழியில் அட்டைகள். அவள் காலில் ஏறிய ஒன்றை ஆணி குனிந்து வழித்து எறிந்தாள். அவளுக்கு அது தெரியவே இல்லை. பாதையில் என் வீட்டுக்காரர் பதித்த கல் ஒவ்வொன்றும் என் முழங்காலைக் கேள்வி கேட்டது. பெரிய அருவியில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலில் நின்றுகொண்டு, "நான் பாக்கலம்மா, தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. கேட்காத இடம் பார்த்துச் சொல்லுகிற தைரியம்தான் எனக்கு இருந்தது.

புல் மேட்டில் வெயில் நன்றாக இருந்தது. ஏரி தகடு மாதிரி மினுங்கியது. சாவுக்குச் சம்பந்தமே இல்லாத இடம். இரண்டாவது பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம், நடுவில் தையல்காரி.

"பழைய செருப்பே போதும்னாருங்க" என்றாள் அவள். "ஆபீஸ்காரங்க முன்னாடி கேவலமா இருக்கும், ஷூதான் போடணும்னு நான்தான் அடம்பிடிச்சேன். செருப்போட வந்திருந்தா இங்க உக்காந்திருக்கவே மாட்டாரு. நான்தான் கொன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லாதம்மா. டோக்கன் வாங்குறப்ப முகம் பாக்க வேண்டியது என் வேலை. தப்பு என்னுது" என்றாள் ஆணி.

"நீங்க எறங்கிட்டாருன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. எங்கயோ குடிச்சுட்டுக் கெடக்காருன்னு திட்டிக்கிட்டே படுத்துத் தூங்கிட்டேன். அவர் இங்க கத்திக்கிட்டு இருந்திருப்பாரு, நான் அங்க தூங்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் என் பாவத்தை ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். எவ்வளவு தடித்த தோலாக இருந்தாலும் அதற்குமேல் தாங்காது.

"டோக்கன வாங்குனது அவ இல்ல. நான். ஒரே கையிலேர்ந்து வாங்குனேன். யாரையும் பாக்கல" என்றேன். துப்பிவிட்டுத் தொடர்ந்தேன். "நீ போன் பண்ணப்ப நான் அங்கதான் இருந்தேன். இவ என்கிட்ட கேட்டா. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உன் வீட்டுக்காரர நான் பாக்கலன்னு. பாத்தேன்னு பொய் சொன்னேன்."

தையல்காரி என்னைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்த்தாள். "ஏழு மணிக்குச் சொல்லியிருந்தா?"

ஆணி உடனே பதில் சொன்னாள், கூண்டில் இருக்கும்போது சொல்லுகிற மாதிரியே. "எட்டரைக்கு ஆளுங்க இந்த பெஞ்சுக்கு வந்திருப்பாங்க. பதினொன்னுக்குள்ள கெடச்சிருப்பாரு."

"உயிரோடயா?"

"உயிரோடதான்."

தையல்காரி எழுந்து புடவையை உதறினாள். "அந்த எடத்தக் காட்டுங்க. இவங்க வர வேணாம்."

இருவரும் மேட்டின் அந்தப் பக்கம் இறங்கினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஒரு மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தவர்கள் என்னைத் தாண்டி நடந்தார்கள். இருபதடி பின்னால் நானும் இறங்கினேன். வழி முழுக்க ஆணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுதான் அவள் வழக்கம்.

வாசலில் புது ஆள் ஆணியைப் பார்த்துக் கையை நீட்டினான். "மூணையும் நீங்களே குடுத்துடுங்கம்மா."

அவள் தன் டோக்கனை மட்டும் அவன் கையில் வைத்தாள். தையல்காரி தன்னுடையதை வைத்தாள்.

"பின்னால ஒரு ஆள் வருது. முகத்தப் பாத்து வாங்கு" என்றாள் ஆணி.

அண்ணி என்று சொல்லவில்லை. ஓர் ஆள்.

அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டும் நிற்கவில்லை. வேலை போனதற்குக் கோபப்படாதவள், 'பாத்தேன்' என்ற ஒரே ஒரு சொல்லுக்காகப் போனாள். போனில் அந்தப் பொய்யைச் சொன்னது அவள் வாய்தானே.

அடுத்த வாரம் நான் தலைமை ஆபீஸுக்குப் பஸ் ஏறிப் போய் நடந்ததைச் சொன்னேன். கடையைப் பிடுங்குவார்கள், போலீஸில் கொடுப்பார்கள் என்று துணிமணியைக்கூடக் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதிகாரி கேட்டுக்கொண்டே வேறு தாளில் கையெழுத்துப் போட்டார். "அந்த ஃபைல மூடியாச்சும்மா. போய் உங்க வேலையப் பாருங்க" என்றார். கடையைக்கூடப் பிடுங்கவில்லை.

ஆணி இப்போது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறாள். வாரத்துக்கு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்படுவாள். நான் பேசுவேன், முழங்கால் வலியைச் சொல்லுவேன், பால் கெட்டுப்போனதைச் சொல்லுவேன். அவள் முன்பு டோக்கன் வாங்கும்போது பார்ப்பாளே, அதே மாதிரி என் முகத்தை முழுதாக ஒருமுறை பார்ப்பாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவாள்.